மச்சான் ரூமுக்கு வந்த இன்கம்டாக்ஸ்

என் மச்சான் ஒரு அந்நியர்.

இதை நான் சொல்லவில்லை, சர்க்கார் சொல்கிறது. போன மாதம் அவர் பேரில் புதுச்சேரிக்குப் போன நோட்டீஸில் அப்படித்தான் கண்டிருந்தது — ‘பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே வசிக்கும் அந்நியப் பிரஜை’ என்று.

மச்சான் என்றால் என் மனைவி தெரேசாவின் அண்ணன். பெயர் சவரிநாதன். நிறத்தில் என்னைவிட ஒரு படி கறுப்பு. ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிக் குடிக்கிறவர். சந்தோஷம் வந்தால் இரண்டு வார்த்தை பிரெஞ்சு வரும். கோபம் வந்தால் முழுக்க முழுக்கத் தமிழ்தான். இவரா அந்நியர்?

சட்டப்படி பார்த்தால் ஆமாம். புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுப் பிரஜை. பிரெஞ்சுக்காரர் ஆளும் சைகோனில், கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். (தெரேசாவும் பிறக்கும்போது அந்நியர்தான். என்னைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்ததில் பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்துவிட்டாள். ஆட்சி செய்யும் வித்தையையும் அன்றே கற்றுக்கொண்டாள் என்பது என் அபிப்பிராயம்.)

மச்சானுக்கு இரண்டு வருமானம். ஒன்று பென்ஷன். பிரெஞ்சு சர்க்கார் கொடுப்பது. புதுச்சேரிக் கஜானாவில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். இன்னொன்று, ஆம்பூர் டேனரி கம்பெனி ஒன்றில் அவர் வாங்கி வைத்திருக்கும் ஷேர்களுக்கு வரும் டிவிடெண்டு.

சைகோனில் சம்பாதித்த பணத்தை ஆம்பூர்த் தோலில் கொண்டுவந்து போடுவானேன்? நானும் கேட்டிருக்கிறேன். “ஷேர் இருந்தா, அதப் பாக்க வரணும் இல்ல மாப்ளே?” என்றார். தங்கையைப் பார்க்க வருவதற்கு ஒரு ஆண்பிள்ளை தேடிக்கொண்ட சாக்கைப் பாருங்கள்.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. பாலாற்றில் தண்ணீர் ஓடுகிற நாள் கொஞ்சம்; மணலின் மேல் காற்று ஓடுகிற நாள்தான் அதிகம். அந்தக் காற்று டேனரிக் கொட்டகைகளைத் தொட்டுக்கொண்டு வரும். சுண்ணாம்பில் ஊறும் தோல், ஆவாரம்பட்டை, இன்னும் பெயர் சொல்லக்கூடாத சில... எல்லாம் சேர்ந்து ரயில் நின்றதும் ஜன்னல் வழியாக ஏறி, புதியவர் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். கைக்குட்டையைத் தேடாத ஆள் கிடையாது. மச்சான் மட்டும் பிளாட்பாரத்தில் காலை வைத்ததும் நெஞ்சு நிறைய இழுப்பார்.

“டிவிடெண்டு வாசனை மாப்ளே!”

அப்பேர்ப்பட்டவர் நோட்டீஸை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போன வாரம் வந்து இறங்கினார். விஷயம் இதுதான்: இந்த நாட்டில் வருமானம் வருகிற அந்நியர்கள் எல்லாரும் வேலூர் ஆபீசில் ஆஜராகி, தங்கள் வருமானத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நானும் துணைக்குப் போகவேண்டும். இங்கிலீஷுக்கு நான், பிரெஞ்சுக்கு அவர், தமிழுக்கு இரண்டு பேரும்.

காலையில் மச்சான் உடுத்திக்கொண்டு வெளியே வந்தார். 

வெள்ளை ட்ரில் சூட்டு, தலையில் தக்கைத் தொப்பி, மார்பில் சைகோனில் கொடுத்த மெடல். ஷூவில் முகம் பார்க்கலாம்.

“மச்சான்... நாம போறது இன்கம்டாக்ஸ் ஆபீசுக்கு.”

“சர்க்கார் ஆபீசுக்கு வேற எப்படிப்பா போறது?” என்றார்.

எங்கள் ஜில்லாவில் எப்படிப் போவது என்பது வேலூர் ஆபீஸ் வராந்தாவில் அவருக்கே தெரிந்தது. அங்கே ஒரு பெஞ்சு. அதில் ஜில்லாவின் செல்வம் முழுக்க உட்கார்ந்திருந்தது — கிழிந்த சட்டையில். தோல் வியாபாரி, ஜவுளிக் கடைக்காரர், அரிசி மில்லுக்காரர், எல்லார் முகத்திலும் மூன்று நாள் தாடி, எல்லார் காலிலும் வார் அறுந்த செருப்பு. ஜட்காவைக் கோட்டை மைதானத்திலேயே விட்டுவிட்டு, நடந்து வந்த வேர்வையோடு உள்ளே நுழைவதுதான் மரபு.

எங்கள் ஊர் பட்டை மண்டி நாயுடுவும் இருந்தார். டேனரிகளுக்கு ஆவாரம்பட்டை விற்றே மாடிமேல் மாடி கட்டியவர். முழங்கையில் ஓட்டை விழுந்த சட்டையில், குளத்தில் இறக்கிவிட்ட பூனை மாதிரி இருந்தார். மச்சானை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா தொரே, பொண்ணு பாக்க வந்தியா?”

“கணக்குச் சொல்ல வந்தேன்” என்றார் மச்சான்.

“அரே, அந்த மெடலயாவது கழட்டி மாப்ள பையில போடு. உன்னப் பாத்துட்டு ஆபீசர் எங்க எல்லாருக்கும் ஜாஸ்தி போட்டுருவாரு. இந்தச் சட்டயப் பாரு... இங்க வர்றதுக்குன்னே வெச்சிருக்கேன். வருஷத்துக்கு ஒரு தபாதான் எடுப்பேன். ஊட்ல தைக்கிறேன்னு ஊசிய எடுத்தா, நான் வுடமாட்டேன்.”

மச்சானுக்குப் புரியவில்லை. வருமானத்தை யாராவது மறைப்பார்களா? பாதி ஆயுசைக் கோர்ட்டுக் காகிதத்தில் கழித்தவர். கேள்வி என்று ஒன்றைக் கண்டால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாது. கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருப்பார். என் கவலையே அதுதான்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

ஆபீசர் நல்ல மனிதர்போல இருந்தார். தலைப்பாகை, தங்க விளிம்புக் கண்ணாடி, மெல்லிய குரல். மெடலைப் பார்த்ததும் எழுந்து நின்றே வரவேற்றார். அந்த நாற்காலிகளில் ஒழுங்காக உடுத்தி ஒருவர் உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்றோ, பாவம்!

“விஷயம் ரொம்பச் சுலபம்” என்றார். “டிவிடெண்டு எங்க நாட்டுல விளைஞ்சது. அதை நீங்க எங்க இருந்தாலும் எங்களுக்குச் சொல்லணும். பென்ஷன் உங்க சர்க்கார் கொடுக்கறது, உங்க ஊர்ல வாங்கறீங்க. நீங்க புதுச்சேரியில குடியிருக்கற வரைக்கும் அதைப்பத்தி எங்களுக்கு அக்கறை இல்லை.”

“வுய்!” என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டார் மச்சான் சந்தோஷமாக.

“பிரிட்டிஷ் இந்தியாவுல உங்களுக்கு வீடு வாசல் எதுவும் இல்லையே?”

“இல்ல.”

நான் மூச்சு விட்டேன். இத்தோடு எழுந்து வந்திருக்கலாம்.

“ஷேர் விஷயமா வந்தா எங்க தங்குவீங்க? சத்திரத்துலயா?”

“சத்திரத்துலயா? நானா?” மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஆம்பூர்ல என் தங்கச்சி இருக்கும்போது நான் ஏன் சத்திரத்துக்குப் போறேன்?”

“ஓ, விருந்தாளியாத் தங்குவீங்க.”

நான் மேஜைக்கு அடியில் மச்சான் காலை மிதித்தேன். பளபளத்த ஷூ. உள்ளே ஒன்றும் எட்டவில்லை.

“விருந்தாளி இன்னா விருந்தாளி? என் ரூம்ல தங்குவேன்! கட்டில் என்னுது, கொசுவலை என்னுது, சைகோன்லேந்து கொண்டாந்த பிரம்பு நாற்காலி என்னுது. நான் இல்லாதப்போ வேற யாரையும் அதுல தலைவெக்க வுடமாட்டா என் தங்கச்சி. பூட்டித்தான் வெச்சிருப்பா.”

சொன்னதோடு நின்றாரா? கடிகாரச் சங்கிலியை இழுத்து, அதன் முனையில் தொங்கிய சாவியை எடுத்துக் காண்பித்தார்.

“இதோ, சாவி!”

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெல்லிய குரல் இன்னும் மெல்லியதாகிவிட்டது.

“சாவி உங்ககிட்ட... அப்போ உங்களுக்காகவே ஒரு வீடு இங்க எப்பவும் தயாரா இருக்குன்னு ஆகுதே, மிஸ்டர் சவரிநாதன். வீடு இங்க இருந்தா நீங்க இங்க குடியிருக்கறவர். இங்க குடியிருக்கறவரா இருந்தா, பென்ஷனையும் நாங்க பார்க்கவேண்டி வரும்.”

மச்சான் சாவியைச் சங்கிலியோடு பைக்குள் போட்டுக்கொண்டார்.

“வியாழக்கிழமை ஆம்பூர்ல எனக்குக் கேம்ப் இருக்கு” என்றார் ஆபீசர். “அந்த ரூமை ஒரு தடவை பார்த்துடறேன்.”

வெளியே வந்தபோது நாயுடு எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “நான்தான் சொன்னேனே, மெடலக் கழட்டுன்னு.”

ஆம்பூர் பஸ்ஸில் மச்சான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். தொப்பி மடியில் இருந்தது. பள்ளிகொண்டா தாண்டியபிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

“பென்ஷன்லயும் இவங்க கை வெச்சாங்கன்னா எனக்குக் கட்டாது மாப்ளே. புதுச்சேரியில மாடி வாடகை, மூணு வேளையும் கடைச் சாப்பாடு... ரெண்டு சர்க்காருக்கும் நான் ஒருத்தன் எப்படி அளக்கறது? ஷேர வித்துட்டு, ரூமக் காலி பண்ணிட்டு, அங்கயே கெடந்துட வேண்டியதுதான். வரப் போக இருந்தாத்தானே வம்பு?”

மனைவி போன பிறகு அவருக்கு அந்தப் புதுச்சேரி மாடி, வெறும் விலாசம்தான். அங்கே அவருக்குக் காகிதங்கள் வரும். மனிதர்கள் வருவதில்லை. எங்கள் பின்கட்டு அறைக்குத்தான் அவர் வருஷம் முழுக்க நாளை எண்ணிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

ஆகவே, அவர் தொடர்ந்து எங்கள் வீட்டுக்கு வரவேண்டுமானால், அது அவர் இடமே இல்லை என்று நாங்கள் நிரூபிக்கவேண்டும். இப்படி ஒரு முடிச்சை எந்த மாமியாராவது போட முடியுமா? சட்டத்தால்தான் முடியும்.

வீட்டுக்கு வந்து தெரேசாவிடம் விஷயத்தைச் சொன்னோம். என் யோசனையையும் சொன்னேன். பிரமாதமான யோசனை என்றே இன்னமும் நினைக்கிறேன். நாயுடு மண்டியிலிருந்து பட்டை மூட்டைகள் கொஞ்சம் இரவல் வாங்கி அந்த அறையில் அடுக்கிவிடுவது. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிடுவது. ஆபீசர் வந்தால் — ‘இது எங்கள் சாமான் அறை. மச்சான் வந்தால் கூடத்தில் பாய்போட்டுப் படுப்பார்.’

“எங்க அண்ணன் ரூம்ல பட்ட மூட்டயா?” என்றாள் தெரேசா.

“ஒரு நாளைக்குத்தான் தெரேசு” என்றார் மச்சான்.

“நீ சும்மா இரு. நீதான சாவிய ஆட்டிக் காட்டிட்டு வந்த?” பிறகு என் பக்கம் திரும்பினாள். “இன்னாங்க, நல்லாக் கேட்டுக்கோங்க. அந்த ரூம்ல ஒரு மூட்ட வந்துச்சு, அப்புறம் நீங்க அந்த மூட்ட மேலயே படுத்துக்கலாம்.”

“சரி, மூட்டை வேண்டாம். ஆபீசர் கேட்டா, ‘அண்ணனுக்கு இங்க தனியா ரூம் கிடையாது’ன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் மை போதாது.

“வெளி மனுஷன் முன்னாடி நின்னுகிட்டு, எங்க அண்ணனுக்கு இந்த ஊட்ல எடமில்லன்னு நான் சொல்லணுமா? நாக்கு அழுகிப்போயிடும். அண்ணன் வராம போனாலும் போவட்டும், அத நான் சொல்லமாட்டேன். நீங்க பேசிக்கோங்க. நான் வாயத் தொறக்கல.”

வாயைத் திறக்கமாட்டேன் என்று அவள் ஒப்புக்கொண்டதே பெரிய சலுகை. நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்தது. ஆபீசரும் வந்தார், ஒரு பியூனோடு. மச்சான் கூடத்து நாற்காலியின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்து போகப்போகிறவர் மாதிரி, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். விருந்தாளி வேஷம்! தெரேசா சமையலறை வாசலில், புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாளாம்.

அறையைத் திறந்து காண்பித்தேன். ஐயோ, அந்த அறை! மூட்டை போடாதது போகட்டும், அதற்கு முந்தின நாள் அவள் புதிதாகச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருந்தாள். கட்டிலில் கஞ்சிபோட்ட விரிப்பு. மூலையில் பிரம்பு நாற்காலி. சுவரில் சிலுவை. அதன் கீழே சைகோன் கோர்ட்டு வாசலில் மச்சான் இளமையில் நிற்கிற போட்டோ. ஜன்னலில் பாலாற்று வெளிச்சம் வந்து உட்கார்ந்திருந்தது, அதற்கும் அங்கே ஒரு ஷேர் இருப்பதுபோல.

“எந்த விருந்தாளி வந்தாலும் இங்கதான் படுப்பாங்க சார்” என்றேன் துணிச்சலாக.

“அப்படியா? கடைசியா யார் வந்து படுத்தாங்க?”

நினைத்துப் பாருங்கள். வாராவாரம் இந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் இல்லாத மனிதர்களை உண்டாக்கி, அவர்களுக்குப் பெயர் வைத்து, சண்டை மூட்டி, சமாதானம் செய்துவைத்துப் பிழைக்கிறவன் நான். அந்த நிமிஷம் ஒரு பெயர் — ஒரே ஒரு முனுசாமி — வாயில் வந்ததா? வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

ஆபீசர் புரிந்துகொண்டார். சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“அம்மா, இது யார் ரூம்?”

தெரேசா தலைப்பை எடுக்கவில்லை.

“உங்க அண்ணன் இல்லாதப்போ இதுல வேற யாரையாவது விடுவீங்களா?”

பதில் இல்லை. ஆனால் அவள் கண் இருக்கிறதே, அது அறைக்கும் அண்ணனுக்கும் நடுவில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அதைப் படிக்க இன்கம்டாக்ஸ் பரீட்சை பாஸ் செய்திருக்க வேண்டியதில்லை. தொலைந்தது பென்ஷன் என்று நினைத்தேன். மச்சானும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆபீசர் நிதானமாகக் கேட்டார்: “சரிம்மா, நான் வேற மாதிரிக் கேக்கறேன். நாளைக்கு உங்க அண்ணன் இந்த ரூமை யாரோ ஒரு தோல் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டுட்டு, பணத்தை வாங்கிட்டுப் புதுச்சேரிக்குப் போயிடறார்னு வெச்சுக்குங்க. அவர் விடலாமா?”

தலைப்பு விழுந்தது.

“இன்னாது, வாடகைக்கா? யாரு வூட்ட யாரு வாடகைக்கு வுடறது? இது எங்க வூடு சார்! என் புருஷன் கட்டின வூடு! அண்ணனாவது தம்பியாவது... அந்த மாதிரி எவனையாவது உள்ள கூட்டியாந்து வுட்டாருன்னா, காலு ரெண்டையும் ஒடிச்சு ரயிலேத்தி அனுப்பிருவேன்!”

“விக்கலாமா?”

“விக்கறதா? நீங்க இன்னா சார், குடும்பத்தப் பிரிக்க வந்தீங்களா?”

ஆபீசர் முதல் முறையாகச் சிரித்தார்.

“போதும்மா. ரொம்ப சந்தோஷம்.” என் பக்கம் திரும்பினார். “ரூம் இவருக்குச் சொந்தமில்லை, இவருக்கு அதில் உரிமையும் இல்லை. தங்கை இஷ்டப்பட்டுக் கொடுக்கறாங்க, இவர் படுத்துக்கறார். பிரிட்டிஷ் இந்தியாவுல இவருக்கு வீடில்லைன்னு எழுதிடறேன். டிவிடெண்டை மட்டும் சொன்னால் போதும். பென்ஷன் எங்க ஜோலி இல்லை.”

ஜெயித்துவிட்டோம்! நான் மச்சான் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஆபீசர் காபிகூடச் சாப்பிடாமல் — டியூட்டியாம் — விடைபெற்றுப் போனார். எப்படி ஒரு கேள்வி! தத்துவ சாஸ்திரம் படித்தவராக இருக்கவேண்டும்.

“மெர்சி” என்றார் மச்சான், போகிறவர் முதுகைப் பார்த்து. அது ஜெயித்த குரலாக இல்லை.

திரும்பிப் பார்த்தால் தெரேசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எதைச் சொல்லமாட்டேன் என்று வாயைக் கட்டிக்கொண்டாளோ, அதையே சொல்லிவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவும் வீதிக்கே கேட்கும்படி... சொல்லிவிட்டதற்கு அண்ணன் நன்றியும் சொல்கிறார்!

இனிமேல்தான் கஷ்டம் ஆரம்பம்.

மச்சானுக்குத் தாகம் எடுத்தது. அவர் எப்போதும் என்ன செய்வார்? நேரே உள்ளே போவார், பானையில் மொள்ளுவார், பாதியை மார்பில் ஊற்றிக்கொண்டு மீதியைக் குடிப்பார். அன்று கூடத்திலேயே நின்று தொண்டையைச் செருமினார்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

தெரேசா என்ன செய்தாள் தெரியுமா? வெள்ளி டம்ளரை எடுத்தாள். அதற்குக் கீழே ஒரு தட்டு வைத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். “எடுத்துக்குங்க” என்றாள். பிறந்ததிலிருந்து அண்ணனை ‘நீ’ என்று கூப்பிட்டு வந்தவள்!

தொடங்கிவிட்டது மரியாதை யுத்தம்.

அவர் அறைக்குள் போவதற்குமுன் கதவைத் தட்டினார் — உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும். அவள் அவருக்காக வாங்கிவைத்திருந்த மூக்குப்பொடியை நேரே கொடுக்காமல் என்னிடம் கொடுத்து அனுப்பினாள். அவர் ‘சிரமம் கொடுக்கிறேன்’ என்றார். அவள் ‘எங்களுக்கு இன்னா சிரமம்’ என்றாள். எங்கள் வீட்டில் சத்தம் போட்டுச் சண்டை நடந்திருக்கிறது, கிண்ணம் பறந்திருக்கிறது. அப்போதெல்லாம் நான் பயந்ததில்லை. இந்த மரியாதையைக் கண்டு நடுங்கிவிட்டேன். இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொள்கிறார்களே என்று பக்கத்து வீட்டுக்காரி வேறு மெச்சினாள்!

நடுவில் நான் ஒருவன் சமாதானம் செய்யப்போனேன்.

“மச்சான், அவ கோபத்துல சொன்னது. அதனால உங்க பென்ஷன் தப்பிச்சுது. சந்தோஷப்படாம...”

“சந்தோஷம்தான் மாப்ளே. நான் யாருன்னு சர்க்காரே எழுதிக் குடுத்துட்டாங்க இல்ல? சைகோன்ல இருந்தப்போ ‘புதுச்சேரிக்காரன்’னாங்க. புதுச்சேரியில வந்தா ‘சைகோன்காரரு’ங்கறாங்க. இங்க ஒரு எடம்தான் பேரு வெக்காம இருந்துச்சு. இப்போ இங்கயும் வெச்சாச்சு.” பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். “நாளைக்கு வண்டிக்குப் போறேன்.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கறதாத்தானே...”

“வந்த வேலை முடிஞ்சுதே.”

தெரேசாவிடம் போனேன்.

“அண்ணன் நாளைக்கே கிளம்பறாராம்.”

அவள் முறத்தில் மொச்சையை உதறிக்கொண்டிருந்தாள். உதறல் நிற்கவில்லை. “போறவங்களப் புடிச்சி நிறுத்த நாம யாரு? ஜாக்கிரதயாப் போய்ட்டு வரச் சொல்லுங்க.”

‘வரச் சொல்லுங்க’ என்று சொல்லும்போது மட்டும் முறம் கொஞ்சம் தவறி, நாலைந்து மொச்சை தரையில் ஓடியது. பொறுக்கக் குனிந்தவள் சீக்கிரம் நிமிரவில்லை.

மறுநாள் மத்தியானம். இரண்டு மணிக்கு மேல்தான் வண்டி. ஜட்காவுக்குச் சொல்லியாகிவிட்டது. பெட்டி வாசலில் நின்றது, அதன்மேல் தொப்பி.

கூடத்தில் இலை போட்டிருந்தாள். தலைவாழை இலை! மச்சான் எங்கள் வீட்டில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அடுப்பிலிருந்து இறங்குகிற சட்டியிலிருந்தே வாங்கிச் சாப்பிடுகிறவர். இப்போது மணையில் கால் மடக்கி உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் பரிமாறினாள். “இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா?” “போதும்மா, போதும்.” “கூச்சப்படாம சாப்பிடுங்க.” “எல்லாம் பிரமாதம்.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்படியே போனால் இந்த மனிதர் இனி எங்கள் வீட்டுக்கு வருவது கல்யாணம், கருமாதிக்கு மட்டும்தான். அதுவும் அழைத்தால்.

மொச்சைக் குழம்பை ஊற்றினாள். நான் ஒரு வாய் போட்டேன். உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. உப்பே இல்லை. கம்மி அல்ல, அறவே இல்லை.

தெரேசா சமைத்து உப்பு இல்லாமல் போனதை இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் கண்டதில்லை. வாயைத் திறக்கப்போனேன். அவள் என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

மச்சான் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார். மெல்லுவது நின்றது.

விருந்தாளி என்ன செய்வான்? ‘குழம்பு அருமை’ என்பான். சிரமப்பட்டு விழுங்குவான். ரயிலேறியபிறகு மனைவியிடம் சொல்லிச் சிரிப்பான்.

மச்சான் இரண்டாவது வாய் வைத்தார். அவர் கன்னத்தில் ஒரு நரம்பு துடித்தது. பென்ஷனும் கௌரவமும் மெடலும் ஒரு பக்கம், உப்பில்லாத மொச்சை ஒரு பக்கம்... பெரிய போராட்டம் அது. மூன்றாவது வாயில் தோற்றார்.

“அடியே! இன்னாடி கொழம்பு வெச்சிருக்க? மனுஷன் திம்பானா இத? உப்பு எங்கடி?”

தெரேசா கரண்டியை நங்கென்று குழம்புச் சட்டியில் போட்டாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குரலில் மட்டும் நெருப்பு.

“வேணும்னா எழுந்து போய் எடுத்துக்கோயேன்! மகாராஜாவுக்குக் கொண்டாந்து வேற போடணுமா? கையில்ல உனக்கு?”

அவர் எழுந்தார். எச்சில் கையோடு, முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். எங்கள் வீட்டு உப்பு ஜாடி அலமாரியில் இருக்காது. ஈரம் கோக்கும் என்று அடுப்புக்குப் பின்னால், புளிப்பானைக்கு மறைவில் இருக்கும். எனக்கே இரண்டு தடவை தேடினால்தான் அகப்படும். அவர் தேடவில்லை. போன வேகத்தில் இடது கையில் ஒரு பிடியோடு திரும்பினார். கூடத்துக்கு வரவுமில்லை. சமையலறைத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, “இலைய இங்க தள்ளுடி” என்றார்.

வாசலில் ஜட்காக்காரன் குரல் கொடுத்தான். “ஞாயித்துக்கிழம வாப்பா!” என்று உள்ளேயிருந்து கத்தினாள் தெரேசா.

உப்பை அவள் மறந்தாளா, மறைத்தாளா? நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டதால்தான் என் குடித்தனம் ஓடுகிறது.

ஆனால் ஒன்று யோசித்தேன். ஒருவன் எந்த நாட்டான், எங்கே குடியிருக்கிறான் என்று கண்டுபிடிக்க சர்க்கார் எத்தனை பாடுபடுகிறது! வருமானத்தைப் பார்க்கிறது, பூட்டைப் பார்க்கிறது, விற்கலாமா வாடகைக்கு விடலாமா என்று கேட்கிறது. எந்த வீட்டில் ஒருவன் சாப்பாட்டைத் திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று கேட்டிருந்தால், கேம்ப் செலவு மிச்சம்.

வாசகர்களில் இன்கம்டாக்ஸ் ஆபீஸ்காரர் யாராவது இருந்தால், தயவுசெய்து இந்த வாரம் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் விட்டுவிடவும்!